லாத்தாவின் முகம் சரிந்த வாரம்

காக்காவின், அதாவது என் அண்ணனின், கம்ப்யூட்டரை நான் தொடக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. காக்கா காலை ஏழு மணிக்கு மாஹிமில் ரயில் ஏறி அந்தேரிக்கு வேலைக்குப் போய்விட்டால், இருட்டித் திரும்பும் வரை அந்தச் சட்டத்தை யார் காப்பது என்பது மட்டும் தெளிவாக இல்லை. நான் அப்போது எட்டாம் வகுப்பு. காலை ஷிஃப்ட் பள்ளிக்கூடம். ஒரு மணிக்கு வீடு வந்தால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உம்மா கீழே பட்டறைக்கு இறங்கியிருப்பாள். மாலை வரை மாடி அறையில் நானும் கம்ப்யூட்டரும் மட்டும்தான்.

தாராவியில் எங்கள் வீடு பட்டறையின் தலைமேல் இருந்தது. கீழே வாப்பாவின் தோல் பைகள், ஆறு தையல் மெஷின்கள். மேலே வர செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. மெஷின்கள் ஓடும்போது மாடித் தரை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கம் எங்களுக்கு உறைக்காது. அது நின்றால்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நிமிர்ந்து பார்ப்போம்.

லாத்தா என்று நான் கூப்பிடும் அக்கா ஒருத்தி எனக்கு இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நான் ஆறாவது படிக்கும்போது, தன்னோடு ஆபீஸில் வேலை பார்த்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவர் எங்கள் ஆள் இல்லை, எங்கள் மொழியும் இல்லை. அன்றிலிருந்து அவள் பெயர் வீட்டில் நின்றுபோனது. சுவரில் இருந்த படங்களை வாப்பாவே கழற்றினார். கம்ப்யூட்டரில் இருந்தவற்றையும் அழித்துவிடச் சொன்னார். அழித்தாயிற்று என்றான் காக்கா. லாத்தா பழைய போன் நம்பரை விட்டுவிட்டாள். நெருளில் எங்கோ இருக்கிறாள் என்பது மட்டும் காற்றுவாக்கில் என் காதுக்கு வந்திருந்தது. நான் அவளைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே தெரிந்த வயது அது.

என் கவலையெல்லாம் வேறு. மாஹிமில் இருந்த என் வகுப்புத் தோழியோடு நான் ஆன்லைனில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவேன். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். என் திரையில் ஆட்கள் விட்டு விட்டு நகர்வார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என்னைச் சுட்டு முடித்து வேறு ஆளைத் தேடிப் போயிருப்பார்கள். ஒருநாள் அவள் போனில் சொன்னாள், “ஓவர்கிளாக் பண்ணிப் பாரேன்டி. உன் காக்காவோடது பண்ணலாம்.”

பிராசஸரும் மெமரியும் கடையிலிருந்து வரும்போது அவற்றுக்கு ஒரு வேகம் சொல்லி அனுப்பியிருப்பார்கள். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே டெலீட் பொத்தானைத் தட்டினால் ஒரு நீலப் பக்கம் வரும். அங்கே எண்களை மாற்றினால் சொன்ன வேகத்தைவிட வேகமாக ஓடும். அவ்வளவுதான் என்று இந்தியில் வீடியோ போடும் ஒரு பாயி சிரித்துக்கொண்டே சொன்னார். ஐந்து நாள் அவருடைய வீடியோக்களைப் பார்த்து, பூகோள நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அவர் ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொன்னார். மெமரியின் வேகத்தைக் கூட்டினால் சோதனை போட்டு மணிக்கணக்காக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மெமரி தப்புச் செய்யும், செய்ததைக் காட்டிக்கொள்ளாது. அதையும் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம் வேலையைத் தொடங்கினேன். பிராசஸருக்கு நேராக இருந்த முப்பத்தைந்தை நாற்பதாக்கினேன். ஓடியது. சூடு ஏறியது, தாங்கியது. அதோடு விட்டிருக்கலாம். மெமரியை இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும் என்று நோட்டில் இருந்தது. நான் ஒரே தாவலாக மூவாயிரத்துக்கு ஏற்றி, வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டி, சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

திரை கறுத்தது. ஃபேன் பெரிதாக இரைந்து, சட்டென்று அடங்கியது. தானாக மறுபடி இரைந்தது. மறுபடி அடங்கியது. நான் எதையும் தொடவில்லை. யாரோ தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி முழுகுவதுபோல் மூன்று முறை ஆயிற்று. நான்காவது முறை வழக்கமான படம் வந்தது, ஒன்றும் நடக்காததுபோல.

கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். தப்பு எதுவும் காட்டவில்லை. பொறுமை தீர்ந்தது, நிறுத்திவிட்டேன்.

மறுநாள் கேமின் புதுப் பகுதியை இறக்க இடம் போதவில்லை. தேடியபோது ‘பிரிண்டர் டிரைவர்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. எங்கள் வீட்டில் பிரிண்டரே கிடையாது. இருபது ஜிபி. அதை வெட்டி, மூலையில் கிடந்த பழைய ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினேன். மாற்றிய பிறகுதான் திறந்து பார்த்தேன். உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாக லாத்தா இருந்தாள். பெருநாள் அன்று, மாஹிம் கடற்கரையில், மாமா வீட்டுக் கல்யாணத்தில், ஏணியின் பாதியில் திரும்பி நின்று. இரண்டு வருடமாகப் பார்க்காத முகம். பார்க்கக் கூடாத இடத்துக்குள் நுழைந்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு படத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. வெட்டி, இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கீழே மெஷின்கள் நின்றிருந்தன. எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். உம்மா பட்டறையின் பின்பக்கம் யாரோடோ பேசிக்கொண்டிருந்தது கேட்டது. தரையில் நடுக்கமே இல்லாத மாடிக்கு ஏறினேன்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க லாத்தா.

கண்கள் வரை அவள்தான். கண்ணுக்குக் கீழே படம் வெட்டுப்பட்டு ஒரு சாண் வலப்பக்கம் நகர்ந்திருந்தது. மூக்கு கன்னத்துக்கு வெளியே இருந்தது. வாய் காதுக்கு அந்தப் பக்கம், பச்சை நிறத்தில், சிரித்துக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் எதுவும் தெரியாமல் என்னைப் பார்த்தன.

மவுஸை அசைத்தேன். அம்பு அசையவில்லை. திரையின் மூலையில் இருந்த கடிகாரம் பதினொன்று இருபதில் நின்றிருந்தது. அந்த நேரத்தில் நான் பள்ளியில், காக்கா அந்தேரியில். அப்படியானால் அவளைத் திறந்தது யார்? பிளக்கைப் பிடுங்கினேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பார்க்காமல் இருக்க முடியாமல், மறுபடி போட்டேன். ஃபோல்டருக்குள் சின்னக் கட்டங்களில் லாத்தா முழு முகத்தோடு சிரித்தாள். ஒன்றைப் பெரிதாக்கினேன். முகம் சரிந்தது. மூடினால் சின்னக் கட்டத்தில் பழையபடி சிரித்தாள். அடுத்ததைத் திறந்தேன். அதில் தோளுக்குக் கீழே எல்லாம் சாம்பல். இன்னொன்றில் வாப்பாவின் தலை மாமாவின் தோளில் உட்கார்ந்திருந்தது. சில படங்கள் நன்றாகவே இருந்தன. அதுதான் அதிகம் பயமுறுத்தியது, எது உடையும் எது உடையாது என்று தெரியாததால். கடைசியில் ஒரு வீடியோ. பெருநாள் உடுப்பில் லாத்தா என்னைப் படம் எடுக்கிறாள். “பாப்பா, இங்க பாரு,” என்று அவள் சொல்வது எனக்கு நினைவிருந்தது. இப்போது “இங்க” என்றதோடு படம் கட்டம் கட்டமாக உறைந்தது. குரல் மட்டும் நிற்கவில்லை. இங்க, இங்க, இங்க என்று உறைந்த படத்துக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை வந்தபோது மறுபடியும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்று வேறொரு படம், ஏணியில் நின்றது. அதே சரிவு. நாற்காலி மேஜையிலிருந்து விலகியிருந்தது. உட்காரும் இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

நான் அன்று சாப்பிடவில்லை. லாத்தா செத்துப்போய்விட்டாள், என்னிடம் சொல்லவில்லை என்று முடிவுசெய்தேன். பெயர் சொல்லாத வீட்டில் சாவை மட்டும் சொல்லவா போகிறார்கள்? அவள் வந்து உட்கார்ந்து தன் படங்களைத் தானே பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஞாயிறு முழுக்க அந்த மேஜைப் பக்கம் போகாமல் கீழே பட்டறையில் பைகளுக்கு நூல் வெட்டினேன். காக்கா மேலே கம்ப்யூட்டரில் நெடுநேரம் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். திட்டு விழும் என்று காத்திருந்தேன். இறங்கி வந்தவன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டான்.

திங்கட்கிழமை பள்ளியில் தோழியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். “பைத்தியமா? மெமரி அன்ஸ்டேபிள். அப்ப ஃபைல மூவ் பண்ணா கரப்ட் ஆகும். மூவ் பண்ணியா?” பண்ணினேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. நட்சத்திரம் போட்ட வரி நினைவுக்கு வந்தது. பேய் இல்லை என்றானதும் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. லாத்தாவின் முகத்தை உடைத்தது நான்தான் என்று மட்டும் ஆயிற்று. சூடான நாற்காலி யாருடையது என்பது அப்போதும் விளங்கவில்லை.

அன்று மாலை உம்மாவிடம் சொல்லிவிடுவது என்று ஏணியில் ஏறினேன். உம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் விரல் மவுஸின் மேல் இருந்தது. திரையில் கல்யாண வீட்டுப் படம். என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. “வாப்பாவ மேல வரச் சொல்லு,” என்றாள்.

வாப்பா கையில் ஒட்டியிருந்த பசையைத் துணியில் துடைத்தபடி ஏறி வந்தார். திரையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். அழிக்கச் சொன்னது எப்படி இங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“மூணு நாளா இப்படித்தான் தெரியுது,” என்றாள் உம்மா. “அதுக்கு முந்தி நல்லா இருந்த படம். புள்ளைக்கு என்னமோ ஆயிருக்கு.”

“மெஷின் கோளாறா இருக்கும்.”

“மெஷின் கோளாறுன்னா சுத்தி நிக்கிறவங்க மூஞ்சில்லாம் ஏன் நல்லா இருக்கு? எம்மவ மூஞ்சி மட்டும் ஏன் இப்படி ஆவணும்?”

அந்தப் படத்தில் அது உண்மைதான். மற்றப் படங்களில் வேறு முகங்களும் உடைந்திருந்தன என்பது எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். உம்மா அழத் தொடங்கினாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. இரண்டு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் முறை. என் வாய் மூடிக்கொண்டது.

வாப்பா பசைத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, “போயி பாத்துட்டு வா. நான் வரல,” என்றார். இரண்டு படி இறங்கியவர் நின்று, திரும்பாமல் சொன்னார். “அத அணைச்சுப் போடுங்க.”

மறுநாள் என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் உம்மா கூட்டிக்கொண்டு போனாள். காக்கா யாரிடமோ விசாரித்து ஒரு தாளில் முகவரி எழுதிக் கொடுத்திருந்தான். விடியும் முன்பே எழுந்து ரவையும் முட்டையும் நெய்யும் சீனியும் போட்டு தம்ரூட் செய்து டப்பாவில் அடைத்திருந்தாள். இருப்பதில் நல்ல புர்க்காவைப் போட்டுக்கொண்டாள். மாஹிமில் ஏறி வடாலாவில் மாறினோம். வாஷிப் பாலத்தில் இருபக்கமும் தண்ணீர் வந்தபோது, “பாத்தியா, எவ்வளவு அகலம்,” என்று எனக்குக் காட்டினாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப்போல் இருந்தாள். மகளுக்கு ஆபத்து என்று போகிறவள் இப்படி இருப்பாளா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு என் பயமே பெரிதாக இருந்தது. கதவு திறந்தால் வாய் காதருகில் பச்சையாகச் சிரிக்கும் என்று நினைத்தேன். செம்பூரிலிருந்து நெருள் வரை அதை நினைத்துக்கொண்டே வந்தேன்.

லிஃப்ட் இல்லாத கட்டிடம். நாலாவது மாடி. உம்மா மணியை அழுத்தினாள்.

திறந்தவள் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடியிருந்தாள். வயிறு நன்றாக மேடிட்டிருந்தது, எட்டு மாதம் இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவள் கை தளர்ந்து துப்பட்டா நழுவியது.

முகத்தின் இடப்பக்கம் கீழே சரிந்திருந்தது. கன்னம் தொங்கியிருந்தது. வாய் வலப்பக்கம் இழுபட்டிருந்தது. ஒரு கண் இமைத்தபோது இன்னொரு கண் இமைக்காமல் திறந்தே இருந்தது, அதிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. அவள் சிரித்தாள். பாதி முகம் சிரித்தது. மறுபாதி எங்கள் யாரையும் தெரியாததுபோல் அப்படியே இருந்தது.

“உம்மா,” என்றாள். உதடுகள் கூடாமல் அந்தச் சொல்லும் ஒரு பக்கமாக ஒழுகியது. “உள்ள வாங்க.”

உம்மா உள்ளே போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தம்ரூட் டப்பா கையிலிருந்து நழுவி ஐந்தாறு படி உருண்டு போய் நின்றது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. கனத்த வயிற்றோடு லாத்தாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ரெண்டு வாரம் ஆச்சு உம்மா. காலைல எந்திரிச்சா இப்படி. முகவாதமாம், மாசமா இருக்கிறவங்களுக்கு வர்றதுதானாம், சரியாயிரும்னு டாக்டர் சொல்றாங்க. ஒங்களுக்கு யாரு சொன்னா?”

உம்மா சரிந்த கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, மேலே தூக்கிப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டாள்.

நான் மனசுக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்களை நான் மாற்றி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கு வந்து இரண்டு வாரம். கணக்கு பொருந்தவில்லை. பொருந்தாததில் எந்த நிம்மதியும் கிடைக்கவில்லை.

வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். பலகையில் பொத்தான்போல ஒரு பேட்டரி இருக்கும். அதை எடுத்துவிட்டால் மாற்றியதெல்லாம் மறந்து பழைய எண்களுக்குத் திரும்பிவிடும் என்று அந்த பாயி சொல்லியிருந்தார். எடுத்தேன். பிஸ்மி சொல்லி, நூறு எண்ணி, மறுபடி மாட்டினேன். லாத்தாவின் முகம் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் கண் மூடியது, பிறகு உதடு கூடியது. பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வாப்பா தானாகவே வந்தார். அதற்குள் அவள் முகத்தின் ஒரு மூலையில் மட்டுமே சரிவு மிச்சம் இருந்தது. அந்தப் பேட்டரிதான் காரணம் என்று பத்தாம் வகுப்பு முடியும் வரை நம்பிக்கொண்டிருந்தேன். படங்கள் திரும்பவே இல்லை. உடைந்தவை இன்றும் அப்படியே உடைந்துதான் இருக்கின்றன.

காக்கா இப்போது கல்யாணில் வீடு வாங்கிப் போய்விட்டான். போன வருடம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, மூவாயிரத்துக்கு ஏற்றியது நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“ஏட்டி, அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா. ஞாயித்துக்கெழமை நான்தான செட்டிங்க எறக்கி வச்சேன். நீ பேட்டரிய கழட்டுனதுலாம் சும்மா.”

“அப்ப ஏன் திட்டல?”

“உம்மா சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. அந்த ஃபோல்டரே அவங்களுக்காக வச்சதுதான். நீ ஸ்கூலுக்குப் போனப்புறம் டெய்லி பாப்பாங்க. போட்டோலாம் ஒடைஞ்சு போச்சுன்னு சனிக்கெழம எங்கிட்ட சொன்னாங்க. இது மெமரி கோளாறு, லாத்தாவுக்கு ஒண்ணும் இல்லன்னு நான் பாத்துட்டு வெளக்கமா சொன்னேன். நல்லாக் கேட்டுக்கிட்டாங்க. கேட்டுட்டு, சரி, இத வாப்பாட்ட சொல்லாதன்னாங்க.”

“அவர்ட்ட அழுதாங்களே.”

“அழுகை நெசந்தான்,” என்றான்.

அன்று நெருளில் உம்மா ஏன் படியில் உட்கார்ந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. நாலு மாடி ஏறிய களைப்பு என்றுதான் நினைத்தேன். அவள் நம்பி வந்தது கண்முன்னால் நிற்கிறது, அதைத் தாங்க முடியவில்லை என்று கொஞ்சம் வளர்ந்த பிறகு நினைத்துக்கொண்டேன். இரண்டும் இல்லை. அவள் எதையும் நம்பி வரவில்லை. நல்ல புர்க்கா போட்டு, தம்ரூட் செய்து, மகள் சுகமாக இருப்பாள் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு வந்தவள் அவள். மகளைப் பார்க்க வழி வேண்டுமென்று வாப்பாவிடம் அவள் சொன்ன பொய், அந்தக் கதவைத் திறந்துகொண்டு, பாதி முகத்தால் சிரித்தபடி, உள்ளே வாங்க என்றது.